அரை நாள் மிஸ்: டெல்டா பள்ளிகளில் உதவிக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வெட்டாறு:

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் (டி.டி.எட்.) முடித்துவிட்டு, ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் காலையிலிருந்து மதியச் சாப்பாட்டு மணி வரை உதவிக்குப் போகிறேன். சம்பளம் அரசாங்கம் தருவதல்ல, ஊரில் வசூல் பண்ணிப் பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகத் தருவது. சம்பா நல்லபடியாக வீட்டுக்கு வந்தால் நேரத்துக்குக் கிடைக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் பயிர் சாய்ந்துவிட்டால் யாரிடமும் கேட்கவே கூச்சமாக இருக்கும். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் எடுத்தார்களே, இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய் என்று, அந்தக் கணக்கிலும் நான் வரமாட்டேன்.

எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். கேட்பவர்கள் எல்லாம் ‘அய்யய்யோ’ என்கிறார்கள், ஆனால் இதில் விதிமீறல் ஒன்றும் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படியே தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மிச்சம் ஒருவர். எண்ணும் எழுத்தும் என்கிற அரசுத் திட்டம் வந்த பிறகு ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு மூன்றையும் ஒரே அறையில் உட்கார வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடக்கிறது. மலர் பிள்ளைகள் தானாக ஓடிவிடும். அரும்பில் நிற்கிற நாலைந்து பேருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும், அந்த ஆள்தான் நான்.

ஒரு பையனைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு. 32-இல் 18 போனால் எவ்வளவு என்று கேட்டால் பட்டென்று 26 என்பான். எட்டிலிருந்து இரண்டைக் கழிக்கிறான், எது பெரிசோ அதிலிருந்து சின்னதைக் கழித்தால் சரி என்பது அவன் கட்சி. பலகையில் எத்தனை தரம் போட்டுக் காட்டினாலும் தலையை ஆட்டுவான், நோட்டில் மறுபடி 26. சரி என்று தரையில் உட்கார்ந்து ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு மூன்று கட்டு, உதிரி இரண்டு வைத்து, “இதுல பதினெட்டு எனக்குக் குடுடா” என்றேன். முதலில் ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அடுத்து எட்டுக் குச்சி வேண்டும், கையில் இரண்டுதான் உதிரி. என்னைப் பார்த்தான், கட்டைப் பார்த்தான். “அவுக்கலாமா மிஸ்?” என்றான். அவ்வளவு நாளாக அவனுக்கு இருந்த தடை அதுதான், கட்டு என்றால் அவிழ்க்கக் கூடாதது என்று நினைத்திருக்கிறான். அவிழ்க்கலாம் என்று தெரிந்ததும் பல்லால் ரப்பர் பேண்டை இழுத்து எட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தானே எண்ணிப் பதினாலு என்றான். வகுப்பாசிரியருக்கு இது தெரியாத வித்தை இல்லை, அவர் மேஜையிலேயே குச்சிக் கட்டு இருக்கிறது. மூன்று வகுப்பை மேய்த்துக்கொண்டு ஒரே பையன் பக்கத்தில் இருபது நிமிஷம் உட்கார அவருக்கு நேரம் ஏது?

என் ஆற்றாமை என்னவென்றால் அந்த இருபது நிமிஷத்தை என்னிடமிருந்தும் பிடுங்கப் பார்க்கிறார்கள். போனில் வேகமாகத் தட்டத் தெரியும் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் போதும், எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளப் பதிவு, வருகைப் பதிவு, போட்டோ ஏற்றுவது, ஜெராக்ஸுக்குக் கடைத்தெரு வரை ஓடுவது எல்லாம் நம் தலையில். அப்புறம் அரும்புப் பிள்ளைகள் மறுபடி சுவரோரம். இப்போது நான் சொல்லிவிட்டேன், இடைவேளை மணி அடிக்கிற வரை பிள்ளைகளோடு, அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் செய்கிறேன் என்று. ஒத்துக்கொண்டார்கள். முறைத்துக்கொண்டுதான்.

மற்றவர்களுக்கு எப்படி?

கும்மோணம் மிஸ்:

உங்களுக்காவது குச்சி எண்ண நேரம் கிடைக்கிறதே. நான் தனியார் நர்சரியில் எல்.கே.ஜி.க்கு அசிஸ்டென்ட் மிஸ், காலை மட்டும். ஜூன் முழுக்க அழுகைதான் பாடத்திட்டம். வாட்டர் பாட்டில் மூடி திறப்பது, ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டதைக் கழற்றிப் போடுவது, பாத்ரூம், மறுபடி பாத்ரூம், வேன் வரிசை.

ஒரு அம்மா சேர்க்கை சமயத்தில் என்னிடம் நேராகக் கேட்டார், “நீங்க டீச்சரா, ஆயாவா?” நான் பதில் யோசிப்பதற்குள் பக்கத்தில் நின்ற எங்கள் ஆயாம்மா, “ரெண்டு பேரும் இல்லன்னா டீச்சரம்மா புடவை கட்டிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாதும்மா” என்று ஒரு போடு போட்டார். அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

ஆனால் எங்கள் ஊரில் பெற்றோர் கேட்கிற இன்னொரு கேள்வி உண்டு, அதற்கு மட்டும் யாரும் சிரிப்பதில்லை. “கிளாஸு கீழயா, மாடியா?” 2004 ஜூலை 16 தீ விபத்தில் 94 பிள்ளைகள் போன ஊர் இது. சமையல் கொட்டகையில் பற்றிய தீ மேலே கூரை போட்ட வகுப்புக்கு ஏறியது. இன்றைக்கு எல்.கே.ஜி.யில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களில் பலர் அப்போது தாங்களே பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதனால் கேட்டால் எரிச்சல்படாமல் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, படி எங்கே என்று காட்டிவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த அன்று யாரும் சொல்லித்தரவில்லை, நானே ஏற்படுத்திக்கொண்டது. தீப்பயிற்சி நடக்கும்போது தலைகளை எண்ணி வெளியே கொண்டுவருவது அசிஸ்டென்ட்தான், மெயின் மிஸ் இல்லை, அதையும் சேர்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பளக்காத்து:

வேதாரண்யம் பக்கம். நான் பள்ளிக்குள் போனதில்லை, இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்துவிட்டார்கள் என்று 2021 அக்டோபரில் தொடங்கினார்களே, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள், மாதம் 1,000 ரூபாய். எங்கள் பக்கத்துக்குக் கொரோனா இரண்டாவது அடி. 2018 நவம்பர் 16 கஜா புயலிலேயே தென்னையும் வீட்டு ஓடும் புத்தகப் பையும் ஒன்றாகப் போயிருந்தன.

என்னிடம் வந்த ஒரு பெண் குழந்தை ‘கொக்கு’ என்று எழுதியிருப்பதைக் ‘கெக்கு’ என்றே படிக்கும். முன்னால் இருக்கிற கொம்பைப் பார்க்கிறாள், பின்னால் வருகிற காலை விட்டுவிடுகிறாள். தப்பு என்று சொன்னால் அடுத்த வார்த்தையைப் படிக்கவே வாய் திறக்க மாட்டாள். பிறகு ஒன்று செய்தேன். எழுத்தைத் துண்டு அட்டையில் தனித்தனியாக எழுதி, கொம்பு ஓர் அட்டை, க ஓர் அட்டை, கால் ஓர் அட்டை, அவளையே அடுக்கச் சொன்னேன். கால் அட்டையை எடுத்தால் கெ, வைத்தால் கொ. தானே வைத்து எடுத்து வைத்து எடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வெளியே வயல் வரப்பில் நிஜக் கொக்கு நின்றால் இப்போதும் என்னைப் பார்த்து “கெக்கு” என்று வேண்டுமென்றே கத்துவாள், அது வேறு.

நம் பக்கத்தில் வருகை ஏன் விழுகிறது என்பதைப் பள்ளியில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது என்று தோன்றுகிறது. நடவும் அறுப்பும் மெஷினுக்குப் போய்விட்டது, ஆனால் களையெடுப்புக்கு இன்னும் அம்மாக்கள்தான் போகிறார்கள், நூறு நாள் வேலைக்கும் காலையிலேயே கிளம்ப வேண்டும். அப்போது மூன்றாவது நாலாவது படிக்கிற பெண் பிள்ளை கைக்குழந்தையோடு வீட்டில் நிற்கும். ஆண் பிள்ளை நின்று நான் பார்த்ததில்லை.

வெட்டாறு:

உப்பளக்காத்து, அதே கதைதான் இங்கேயும். ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வகுப்புக்கு வந்தாள். அங்கன்வாடி பக்கத்துக் கட்டடம்தான், ஆனால் அவன் அங்கே இருக்க மாட்டேன் என்கிறான். ஹெச்.எம். ஒன்றும் சொல்லவில்லை, தம்பி என் மடியில், அக்கா பாடத்தில். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளையில் வைத்துக் காலை உணவை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரித்த பிறகு முதல் மணிக்குள் வந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் பதினொரு மணிக்குத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிற பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அது வெறும் பசி. புதன்கிழமைப் பொங்கலுக்கு மட்டும் தனிக் கூட்டம்.

பழைய ஹெச்.எம்.:

தஞ்சாவூர்ப் பக்கம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தலைமையாசிரியர் தரப்புக் கதையையும் கேளுங்கள். உதவிக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரும் நல்ல மனசுக்காரர்கள், அதுதான் தொந்தரவே. குழந்தை முழிக்கிறது என்று பாவப்பட்டு விடையைச் சொல்லிவிடுவார்கள், இல்லை கையைப் பிடித்து எழுதிவிடுவார்கள். நோட்டு அழகாக இருக்கும். நான் அந்த நோட்டைப் பார்த்து இவன் மொட்டுக்கு வந்துவிட்டான் என்று குறித்துவிடுவேன், அடுத்த மாதம் தேர்வில் பையன் அங்கேயே நிற்பான். வெட்டாறு அம்மா குச்சியைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் பாருங்கள், அந்தச் சும்மா உட்காருகிறது யாருக்கும் லேசில் வராது. எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் வந்தது.

எமிஸ் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான் தாயி. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு ‘இன்னும் உங்கள் பள்ளி ஏற்றவில்லை’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும்போது தலைமையாசிரியர் கண்ணுக்கு முதலில் தெரிகிற ஆள் நீங்கள்தான். முறைத்தாலும் ஒத்துக்கொண்டார் என்றால் நல்ல மனுஷர்.

மன்னை மைனர்:

நான் கல்லூரி கடைசி வருஷம், எங்கள் ஊர்ப் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். போகலாமா? ஆம்பளைப் பையன் சின்னப் பிள்ளைகளிடம் எடுபடுவானா என்று அம்மா யோசிக்கிறார்கள்.

வெட்டாறு:

தாராளமாகப் போங்கள் தம்பி. எங்கள் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் நான் சொன்னால் கேட்காததை டிரைவர் அண்ணன் சொன்னால் கேட்கிறார்கள், நீங்கள் அவர்களுக்கு வாய்த்தால் நல்லதுதான். போவதற்கு முன்னால் மூன்று விஷயம் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்: எந்த வகுப்போடு இருக்கப் போகிறீர்கள், எத்தனை மணி வரை, பணம் யார் கையிலிருந்து எந்தத் தேதியில். மூன்றாவதைக் கேட்க வெட்கப்படாதீர்கள், நான் வெட்கப்பட்டு ஒரு தீபாவளியைக் கடன் வாங்கிக் கொண்டாடினேன்.

மன்னை மைனர்:

சரிக்கா. திங்கட்கிழமை போய்ப் பேசிவிட்டு வந்து இங்கேயே எழுதுகிறேன். ஈர்க்குச்சி வேண்டும் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன், விளக்குமாற்றைப் பிரிக்க விட மாட்டேன் என்கிறார்கள்.