கலைச்சொல் வேண்டல்: ‘ஆட்ஸ்’

மொழிபெயர்ப்பாளர்:

அன்புடையீர், வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான நிகழ்தகவுப் பாடம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். அதில் ஓர் இயல் முழுவதும் டெக்சஸ் ஹோல்டெம் போக்கர் என்னும் சீட்டாட்டத்தை வைத்தே நடக்கிறது. ‘ஆட்ஸ்’ (odds), அதாவது ஒன்று நிகழாத வழிகளையும் நிகழும் வழிகளையும் எதிரெதிரே வைக்கும் கணக்கு, என்று வரும் இடமெல்லாம் கை நின்றுவிடுகிறது. ஆட்டக்காரர் கையில் இரண்டு ஆர்ட்டின். மேசையில் திறந்த மூன்று சீட்டுகளில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒன்று வந்தால் ‘ஃப்ளஷ்’, அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள். அவர் காணாத 47 சீட்டுகளில் 9 உதவும், 38 உதவா. அடுத்த சீட்டிலேயே அது வருவதற்கான நிகழ்தகவு 9/47, அதாவது ஏறத்தாழ 19 விழுக்காடு. ஆட்டக்காரரோ இதையே 38-க்கு 9, சுருக்கமாக 4.2-க்கு 1 என்பார். இரண்டையும் நிகழ்தகவு என்றே எழுதினால், 9/38-ஐ நிகழ்தகவாகக் கொள்ளும் மாணவரைக் குறை சொல்ல முடியாது.

கணித ஆசிரியர்:

9:38 என்பதைச் சாதக விகிதம் என்றும் 38:9 என்பதைப் பாதக விகிதம் என்றும் எழுதுங்கள். போக்கரில் பாதகத்தை முதலில் சொல்வதே வழக்கம் என்பதால் இரண்டாவதுதான் உங்களுக்குப் பெரிதும் பயன்படும். வகுப்பில் விளக்கமின்றியே புரியும்.

தமிழாசிரியர்:

சாதகம், பாதகம், விகிதம் மூன்றும் வடசொற்கள். போதாக்குறைக்கு, சாதகம் என்றதும் சோதிடரை நினைப்போரும் உண்டு. நிகழ்தகவு வினைத்தொகையாய் அமைந்த அழகிய சொல். அதன் பக்கத்தில் இவற்றை நிறுத்துவது பொருந்தவில்லை. சூது அதிகாரத்தில் வள்ளுவர் ‘ஒன்றெய்தி நூறிழக்கும் சூதர்’ என்கிறார். எய்துவதையும் இழப்பதையும் எண்ணால் எதிரெதிரே நிறுத்தும் அத்தொடரிலிருந்து ‘எய்திழப்பு’ என ஆக்கலாம். அதே அதிகாரத்தில் கழகம் என்பது சூதாடும் இடத்தைக் குறிப்பதையும், அச்சொல் பிற்காலத்தில் கல்விக்கும் கட்சிக்கும் பெயராக ஏறியதையும் தனி மடலில் விரிவாக எழுதுவேன்.

இலங்கை உறுப்பினர்:

ஐயா, எய்திழப்பு என்பதையும் வினைத்தொகையாகப் பிரித்தால் ‘எய்தும் இழப்பு’ என்றாகி, வெற்றி காணாமற் போகிறது. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. குறளில் வரும் ஒன்றும் நூறும் பெறும் தொகையும் இழக்கும் தொகையும் ஆகும். நிகழ்ச்சி கூடும் வழிகளையும் கூடா வழிகளையும் அவை எண்ணவில்லை. ‘ஆட்ஸ்’ எண்ணுவது பின்னதை. தொகைகளை ஒப்பிடுவதற்குப் போக்கரில் ‘பாட் ஆட்ஸ்’ என்று தனிப் பெயர் இருக்கிறது. மேசையில் 80 பந்தயச் சில்லுகள் கிடக்க, எதிராளி 20 வைத்தால், நாம் 20 போட்டு 100-ஐப் பெற முயல்கிறோம்: 5-க்கு 1. இது 4.2-ஐ விட மிகுதி. அடுத்த சீட்டை மட்டும் கருதினால் தொடரலாம். அவர் 40 வைத்தால் 120-க்கு 40, அதாவது 3-க்கு 1. சீட்டைக் கவிழ்த்து விலகுவதே நல்லது. சீட்டு வருவதற்கான விகிதத்தையும் தொகைகளின் விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பாடமே. ஆகவே ஒரு சொல் போதாது. விகிதம் எங்கள் பாடநூல்களிலும் வழங்குகிறது, அதை விட வேண்டாம். முதலாவதற்குப் பாதக விகிதமும் இரண்டாவதற்குப் பணய விகிதமும் பொருந்தும்.

தமிழாசிரியர்:

பிரிப்பில் தாங்கள் சொல்வது சரி. அப்படியானால் ‘பேறிழவு’ என்போம். ஐயத்துக்கு இடமில்லாத உம்மைத்தொகை, சமய நூல்களில் பயின்று வந்த தொடரும்கூட.

கணித ஆசிரியர்:

ஐயா, இழவு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அந்த வகுப்பை எவ்வாறு அடக்குவது? ‘பேறிழவைக் காண்க’ என்று வினாத்தாளில் வந்தால் பெற்றோர் பள்ளிக்கே வந்துவிடுவர். ‘தகவு’ என்பதையே விகிதத்துக்கு ஆளலாம் எனக் கூறுவோரும் உண்டு. அதை ஏற்றால் நிகழ்தகவு எந்தப் பக்கம் நிற்கும் என்ற குழப்பம் மீண்டும் தொடங்கும்.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. பாதக விகிதம், பணய விகிதம் என்றே எழுதி அனுப்புகிறேன். கைகொடுக்கும் அந்த 9 சீட்டுகளுக்கு ‘உதவுசீட்டு’ என்று நானே வைத்துக்கொண்டேன். மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள் தெரிவியுங்கள்.

தமிழாசிரியர்:

உதவுசீட்டு வினைத்தொகை, மனமார வரவேற்கிறேன். மற்ற இரண்டிலும் என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பணயமும் வடசொல்லே.