புது ஏஞ்சல் மீன்கள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை: விட்டுப் பார்ப்பதா, உயிர் உணவு போடுவதா?

நிலாவின்_அம்மா
ஞாயிறு பின்னேரம் தெஹிவளையில் நான்கு ஏஞ்சல் வாங்கினேன். இரண்டு கறுப்பு வரி போட்டவை, ஒன்று வெள்ளை, ஒன்று மார்பிள். வெள்ளவத்தைக்கு ஓட்டோவில் அரை மணித்தியாலம். தொட்டி 120 லீற்றர் பிடிக்கும், ஒன்றரை அடி உயரம். இன்று புதன், இன்னும் ஒன்றும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான்கும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. வெள்ளை மட்டும் ஒரு பெல்லட்டை (காய்ந்த தீனி உருண்டை) வாயில் எடுத்து உடனே துப்பியது. கடைக்காரர் "பசித்தால் தின்னும்" என்கிறார். என் மாமா "உயிர்ப் புழு போடு, இல்லாவிட்டால் செத்துவிடும்" என்கிறார். மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

மொய்னா_வாளி
மாமா சொல்வதுதான் சரி, தங்கச்சி. கடைக்கு வரும் ஏஞ்சல் அநேகமாகப் பண்ணையில் பிறந்தது. குஞ்சிலிருந்தே மொய்னா என்ற பொடி நீர்த்தெள்ளு, டியூபிஃபெக்ஸ் புழு என்று அசைவதைத் தின்று பழகியிருக்கும். இதன் பூர்வீகம் அமேசான் பக்கம். வேர்களுக்கும் செடிகளுக்கும் நடுவில் அசையாமல் நின்று, கிட்ட வருவதைப் பாய்ந்து பிடிக்கிற இனம். மிதக்கிற காய்ந்த உருண்டை அதன் கண்ணுக்குச் சாப்பாடாகத் தெரியாது. நான் மொட்டைமாடியில் பச்சைத் தண்ணீர் வாளியில் மொய்னா வளர்க்கிறேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்தால் ஒரு போத்தல் தருகிறேன். அதுவரை நுளம்புக் குடம்பி பிடித்துப் போடுங்கள்.

அம்பத்தலை_தண்ணீர்
அண்ணா, நுளம்புக் குடம்பி யோசனையைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். டெங்கு பரப்பும் நுளம்பு வாளித் தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை ஒரு கிழமை, பத்து நாளில் பறக்கிற நுளம்பாகிவிடும். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 2007இல் வந்த 11ஆம் இலக்கச் சட்டப்படி குடம்பியோடு வாளி வைத்திருப்பதே குற்றம். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வராவிட்டாலும், அந்த வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறது.

சாப்பாட்டுக்கும் இவ்வளவு அவசரம் இல்லை அக்கா. நல்ல ஆரோக்கியமான ஏஞ்சல் ஒரு கிழமை சாப்பிடாவிட்டாலும் சாகாது. முதல் நாள் போடாமல் இருப்பதே நல்லது. தொட்டி லைட்டை அணைத்து, மூன்று பக்கத்துக்கும் பேப்பர் ஒட்டுங்கள். தின்னாமல் கிடக்கும் பெல்லட்டைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மீனைத் தொட்டிக்குள் எப்படி விட்டீர்கள்?

நிலாவின்_அம்மா
பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டேன். பிறகு வீடியோ ஒன்றில் பார்த்தபடி பையைத் திறந்து, காற்றுக் குழாயால் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணித்தியாலம் விட்டேன். கடைசியில் பைத் தண்ணீரோடு சேர்த்து ஊற்றிவிட்டேன்.

அம்பத்தலை_தண்ணீர்
அந்த ஒன்றரை மணித்தியாலம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மூடிய பைக்குள் மீன் விடும் மூச்சால் கரியமிலவாயு சேர்ந்து பிஎச் இறங்கும், அதாவது தண்ணீரின் அமிலத்தன்மை கூடும். மீன் கழிக்கும் அமோனியாவும் அந்தத் தண்ணீரில் அதிகம் நஞ்சில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அமோனியா நஞ்சாக மாறும். அதற்குள்ளே மீனை வைத்துச் சொட்டு விட்டால் அது தொட்டிக்கு எப்படிப் பழகும்? சூடு சமமானதும் வலையால் எடுத்து விட்டிருக்க வேண்டும். கடைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றவே கூடாது, அதோடு நோயும் வரும்.

மொய்னா_வாளி
தம்பி, நீங்கள் சொல்வது ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் விமானம் ஏறி, ஒரு இரவு முழுக்கப் பைக்குள் கிடக்கும் மீனுக்குப் பொருந்தும். தெஹிவளையிலிருந்து வெள்ளவத்தைக்கு அரை மணித்தியாலம்! அதற்குள் எவ்வளவு அமோனியா சேர்ந்துவிடும்? கடைக்காரர் கிணற்றுத் தண்ணீர் பாவித்திருந்தால் அதற்கும் களனி ஆற்றுக் குழாய்த் தண்ணீருக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கும்? நான் வருடக்கணக்காகச் சொட்டு விட்டுத்தான் மீன் இறக்குகிறேன். ஒரு பழுதும் வரவில்லை.

அம்பத்தலை_தண்ணீர்
சரி, குறுகிய பயணத்தில் அமோனியா குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படியென்றால் சொட்டுவதால் கிடைக்கும் லாபமும் குறைவுதான். பண்ணை ஏஞ்சல் பிஎச் 6 முதல் 7.5 வரை தாங்கும். பயந்த மீனைத் திறந்த பைக்குள் வெளிச்சத்தில் ஒன்றரை மணித்தியாலம் வைப்பதும் ஒரு வதைதானே.

பழைய_ஸ்பொஞ்ச்
இரண்டு பேரும் கோபிக்க வேண்டாம். நிலாவின் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பி எத்தனை நாள்? மீன் இருக்கும் அறையில் ஏ.சி. ஓடுகிறதா?

நிலாவின்_அம்மா
சனிக்கிழமை நிரப்பினேன். தண்ணீரை முதல் நாள் இரவே வாளிகளில் பிடித்துவைத்து, குளோரின் போனபிறகுதான் ஊற்றினேன். தொட்டி மகளின் அறையில். இரவில் ஏ.சி. போடுவோம்.

பழைய_ஸ்பொஞ்ச்
அப்போது சாப்பாட்டை ஒரு பக்கம் வைப்போம். குளோரினுக்கு நீங்கள் செய்தது சரி. ஆனால் ஒரு நாள் வயதுத் தொட்டியில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா இல்லை. அவை ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதுவரை மீனின் கழிவும் கிடந்து அழுகும் பெல்லட்டும் தண்ணீரிலேயே நிற்கும். செவுள் எரியும்போது எந்த மீன் தின்னும்? இந்த நிலையில் மொய்னாவை அள்ளிப் போட்டாலும் செத்த மொய்னா இன்னொரு சுமை.

ஏ.சி. விஷயமும் சின்னதில்லை. இந்த மீனுக்கு 26 முதல் 29 பாகை வேண்டும். கொழும்பில் சாதாரண அறையில் ஹீட்டரே தேவைப்படாது. ஏ.சி. அறையில் விடியும்போது தெர்மோமீற்றரைப் பாருங்கள்.

நான் பம்பலப்பிட்டியில்தான் இருக்கிறேன். என் பழைய தொட்டியின் ஸ்பொஞ்ச் ஒன்றைத் தருகிறேன். ஈரம் காயாமல் கொண்டுபோய் உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். குழாய்த் தண்ணீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அமோனியா சோதனைப் போத்தலும் ஒன்று வாங்குங்கள்.

நிலாவின்_அம்மா
அமோனியா லீற்றருக்கு 1 மில்லிகிராம் காட்டியது. காலை ஐந்தரைக்குத் தண்ணீர் 23 பாகை! அன்றே 40 லீற்றர் மாற்றினேன், பிறகு தினமும் 30 லீற்றர். ஸ்பொஞ்ச் வைத்தாயிற்று. ஹீட்டரை 28இல் விட்டிருக்கிறேன். பக்கங்களுக்குப் பேப்பர் ஒட்டி, லைட்டையும் அணைத்துவிட்டேன்.

நிலாவின்_அம்மா
ஞாயிறு. ஏழாம் நாள். சோதனைப் போத்தலில் அமோனியா நிறமே வரவில்லை. மொய்னா_வாளி அண்ணா தந்த போத்தலிலிருந்து நேற்று ஒரு தேக்கரண்டி விட்டேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மார்பிள் மெதுவாகத் திரும்பி ஒரு மொய்னாவைக் கண்ணால் தொடர்ந்தது. உடம்பை அசைக்காமல் முன் செட்டையை மட்டும் ஆட்டிக்கொண்டு கிட்டப் போனது. பிறகு 'டக்' என்று வாய் திறந்து மூடியது, மொய்னாவைக் காணவில்லை! நிலா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சத்தம் போட்டால் பயந்துவிடும் என்று. ஐந்து நிமிடத்தில் மூன்று மீன்கள் வெளியே வந்துவிட்டன. இன்று காலை பெல்லட்டை நசுக்கி மொய்னாவோடு கலந்து போட்டேன், அதையும் தின்றன.

மொய்னா_வாளி
பார்த்தீர்களா, அசைந்ததைத்தான் முதலில் தின்றது. சந்தோஷம் தங்கச்சி.

அம்பத்தலை_தண்ணீர்
சந்தோஷம்தான். ஆனால் புதன்கிழமை அதே மொய்னாவை அந்தத் தண்ணீரில் விட்டிருந்தால் தின்றிருக்காது அண்ணா. தண்ணீர் திருந்தியபிறகுதான் வாய் திறந்தது. நாலாவது மீன் எப்படி?

நிலாவின்_அம்மா
வெள்ளைதான் நாலாவது. இன்னும் எடுத்துத் துப்புகிறது. வயிறு ஒட்டியிருக்கிறது. பின்னால் வெள்ளை நூல் போல் நீளமாகக் கழிவு தொங்குகிறது.

மொய்னா_வாளி
அது குடல் ஒட்டுண்ணி. மெட்ரோனிடசோல் போடுங்கள், பிந்த வேண்டாம்.

பழைய_ஸ்பொஞ்ச்
பல நாள் சாப்பிடாத மீனின் வெறும் குடலிலிருந்தும் அப்படி வரும். முதலில் தனித் தொட்டிக்கு மாற்றி, 28 பாகையில் வைத்து, இன்னும் இரண்டு நாள் மொய்னா கொடுத்துப் பாருங்கள். தின்னத் தொடங்கி கழிவின் நிறம் மாறினால் மருந்து வேண்டாம். மாறாவிட்டால் போடலாம், ஆனால் தனித் தொட்டியில் மட்டும். பெரிய தொட்டியில் மருந்தைக் கலக்கவே வேண்டாம், இப்போதுதான் அங்கே பாக்டீரியா பிடிக்கிறது.

நிலாவின்_அம்மா
பத்து லீற்றர் கண்ணாடித் தொட்டி ஒன்று மாமா வீட்டில் இருக்கிறது. பின்னேரம் போய் எடுத்துவருகிறேன். பெரிய தொட்டித் தண்ணீரையே அதில் நிரப்பலாம்தானே?

பழைய_ஸ்பொஞ்ச்
ஓம், அதையே நிரப்புங்கள். ஒளிந்துகொள்ள ஒரு செடியும் போடுங்கள்.