கலைச்சொல்: ஸ்காட்லாந்து சூனிய வழக்குகள் – ‘குருமார் சாட்சியம்’ சரியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

1563-இல் சட்டம் வந்து 1736-இல் நீங்கும்வரை ஸ்காட்லாந்தில் சூனியம் மரண தண்டனைக்குரிய குற்றம். அந்த வழக்குகளில் மதத்தலைவர்களின் பங்கைக் ‘குருமார் சாட்சியம்’ என்றே எழுதிவருகிறோம். ‘குருமார்’ எனக்கு உறுத்துகிறது. அங்கே இருந்தது மூப்பர் (சபையை நடத்தும் பெரியவர்கள்) ஆட்சி நடந்த சீர்திருத்தக் கிறிஸ்தவச் சபை. நம் வழக்கில் ‘போதகர்’ என்பதே பொருந்தும். ‘போதகர் வாக்குமூலம்’ என்று மாற்றலாமா?

---

ஐயா, வணக்கம்.

‘போதகர்’ சரி. ‘வாக்குமூலம்’ வேண்டாம், அதைக் கொடுத்தவர் கைதி.

நடைமுறையைப் பாருங்கள். ஊரில் சந்தேகம் எழுந்ததும் போதகரும் மூப்பர்களும் கூடி அக்கம்பக்கத்தாரை விசாரிப்பார்கள். பிடிபட்டவரைப் பல இரவுகள் தூங்கவிடாமல் காவல் வைப்பதும் உண்டு. ஒப்புக்கொண்டதை எழுதி, அங்கிருந்தவர்கள் உறுதிசெய்வார்கள். அந்தத் தாளைக் காட்டித்தான் எடின்பரோவில் அரசவைக் குழுவிடம் விசாரணை ஆணை கேட்பார்கள். ஆணை கிடைத்தால் உள்ளூர்ப் பெரியமனிதர்களே நீதிபதிகள். தீர்ப்புச் சொல்ல 15 பேர் கொண்ட நடுவர் குழு. போதகர் வாய் திறக்காவிட்டாலும் அவர் உறுதிசெய்த தாள் அங்கே பேசும். அந்த உறுதிக்குச் ‘சான்றொப்பம்’ என்பதே என் பரிந்துரை. அவர் நேரில் சொன்னதற்கு மட்டும் ‘சாட்சியம்’ இருக்கட்டும்.

---

அம்மா, பிரிப்பை ஏற்கிறேன். ஆனால் ‘சான்றொப்பம்’ என்றதும் நகல் சான்றிதழில் அதிகாரி போடும் பச்சை மைக் கையெழுத்துதான் வாசகருக்கு நினைவு வரும். போதகரோ விசாரணையிலேயே பங்கெடுத்தவர் ஆயிற்றே?

---

ஐயா, அந்த நினைவு வருவது நல்லதே என்பேன். ‘பார்த்தேன், உண்மை’ என்று நடுநிலையாளர்போல உறுதி சொன்னவர், அதைக் கறந்தெடுத்த அவையிலும் இருந்தார். சொல்லின் அமைதிக்கும் செயலுக்கும் உள்ள அந்த இடைவெளியை வாசகர் உணர வேண்டும்.

1662-இல் ஆல்டர்ன் என்ற ஊரில், சூனியக் குற்றம் சாட்டப்பட்ட இசபெல் கவ்டி என்ற பெண் ஏப்ரல் 13 தொடங்கி மே 27 வரை நான்கு முறை ஒப்புதல் கொடுத்தார். எழுதியவர் நோட்டரி ஜான் இன்னஸ். முன்னிலையில் இருந்தவர்களில் போதகர் ஹாரி ஃபோர்ப்ஸ் ஒருவர். அந்த ஒப்புதலிலேயே, ஃபோர்ப்ஸுக்குத் தீங்கு செய்ய முயன்றதாகவும் வருகிறது! பாதிக்கப்பட்டவராகச் சொல்லப்படுபவரே பதிவுக்கும் துணைநிற்கிறார். எல்லாவற்றையும் ‘சாட்சியம்’ என்று ஒரே கூடையில் போட்டால் இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது.

இன்னொன்று: போதகரும் மூப்பர்களும் கூடிய அவையைச் சிலர் ‘சபை அமர்வு’ என்கிறார்கள். அது பிழை. அது ஒருநாள் கூடிக் கலைவதல்ல, நிலையான அமைப்பு. ‘மூப்பர் மன்றம்’ எனலாம். அதற்கு மேலே, பல ஊர்ச் சபைகளுக்குப் பொதுவான அவைக்கு ‘மூப்பர் சங்கம்’. தமிழ் வேதாகமத்திலேயே ‘மூப்பராகிய சங்கத்தார்’ என்று இருக்கிறது. புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

---

அம்மா, மூன்றையும் பட்டியலில் சேர்க்கிறேன். ‘சூனியக்காரி’ என்பதையும் பொதுச்சொல்லாக வைக்க முடியாது. குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஆண். ‘சூனியக் குற்றம் சாட்டப்பட்டவர்’ நீளம்தான், ஆனாலும் அதுவே நேர்மை. பிடிபட்டவர் பிறர் பெயரைச் சொல்வதற்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘காட்டிக்கொடுத்தல்’ என்றால் துரோகம் ஆகிவிடும். தூக்கமில்லாமல் வாடியவர்மேல் அதைச் சுமத்தக் கூடாது. ‘பெயர்சுட்டல்’ எப்படி?