தபால் பெட்டிக்குத் தொப்பி, மரத்துக்கு ஸ்வெட்டர்: இது அழகா, அழுக்கா?

நூல்கண்டு:

நான் இருப்பது இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கம் ஒரு சின்ன ஊர். புதன்கிழமைதோறும் நூலகத்தில் பின்னல் குழு கூடும். பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் ஓய்வு பெற்ற பாட்டிகள், இரண்டு தாத்தாக்கள். நாற்பத்திரண்டு வயதில் நான்தான் கடைக்குட்டி. போன மாதம் எங்கள் தெருமுனையில் இருக்கும் சிவப்புத் தபால் பெட்டிக்குக் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், ஒரு தொப்பி பின்னி மாட்டினோம். மேலே ஒரு தாய் வாத்து, பின்னால் ஐந்து குஞ்சு, சுற்றிலும் பச்சைப் புல். போஸ்ட்பாக்ஸ் டாப்பர் என்பார்கள் இங்கே, கொரோனா ஊரடங்குக்கு அப்புறம் பிரிட்டன் முழுக்கப் பரவிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாகப் போய் மாட்டிவிட்டு, காலையில் பால் வாங்கும் சாக்கில் யார் யார் நின்று பார்க்கிறார்கள் என்று வேவு பார்ப்பது இருக்கிறதே, அந்தச் சுகமே தனி.

படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். சித்தப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "இந்த நூலில் குளிரில் கிடக்கிற நாலு பேருக்குக் குல்லா பின்னியிருக்கலாமே." அதிலிருந்து மனசு கேட்கவில்லை. கம்பம், மரம், பெஞ்ச் என்று பொது இடத்தில் கண்டதற்கெல்லாம் நூலால் சட்டை போட்டுவிடுவதை யார்ன் பாம்பிங் என்கிறார்கள். இதெல்லாம் வெட்டி வேலையா? மனசில் பட்டதைச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

திருப்பூர்_பனியன்:

கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றதால் சொல்கிறேன். சித்தப்பா பேச்சு நூற்றுக்கு நூறு சரி.

இருபத்திரண்டு வருஷமாக நூல் வியாபாரத்தில் இருக்கிறேன். நீங்கள் உல்லன் உல்லன் என்று வாங்குவதில் பாதிக்கு மேல் ஆட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது, அது அக்ரிலிக், சுத்தமான பிளாஸ்டிக். வெயிலிலும் மழையிலும் கிடந்தால் நைந்து இழை இழையாக உதிர்ந்து சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகும். அந்தப் பச்சைப் புல்லுக்கும் மஞ்சள் குஞ்சுக்கும் சாயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? நொய்யல் ஆற்றில் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம் என்று தண்ணீர் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2011-இல் ஹைகோர்ட்டே சாயப்பட்டறைகளை இழுத்து மூடச் சொன்னது, எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்று எங்கள் ஊரில் கேளுங்கள். அவ்வளவு விலை கொடுத்து வருகிற கலரைத் தபால் பெட்டி தலையில் மாட்டி மழையில் நனைய விடுகிறீர்கள். பெட்டிக்குக் குளிருமா?

குரோஷா_பாட்டி:

தம்பி, வாசலில் தினமும் கோலம் போடுகிறோமே, பத்து மணிக்குள் ஸ்கூட்டர் ஏறி அழிந்துவிடுகிறது. அதையும் வெட்டி வேலை என்பாயா?

நூல்கண்டு, வாத்து ஜோராக இருக்கும் போலிருக்கிறதே. படம் போடும்மா.

திருப்பூர்_பனியன்:

அம்மா, கோலத்தை எறும்பு தின்னும். அக்ரிலிக்கை எது தின்னும்?

மரங்கொத்தி:

நான் டொரோண்டோவில் பூங்காப் பராமரிப்பு வேலை. நீங்கள் எல்லோரும் மாட்டுகிற கதையையே கதைக்கிறீர்கள். கழற்றுகிறவனின் கதையையும் கேளுங்கோ.

போன நவம்பரில் ஒரு மேப்பிள் மரம். அதற்கு யாரோ கோடையில் கலர் கலராகப் பட்டி பட்டியாய்ச் சுற்றி விட்டிருக்கினம், போட்ட அன்று வடிவாகத்தான் இருந்திருக்கும். நான் போனபோது முக்கால்வாசி சாம்பல் நிறம், மழை குடித்துக் கனத்துக் கீழே சரிந்து மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. கத்தியால் கீறி இழுத்தேன். உள்ளே பட்டை ஊறி, நாற்றம், பூச்சிகள் குடும்பம் நடத்திக்கொண்டு இருந்தன. இரண்டு வாரம் இருந்தால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் விட்டால் ஈரம் பிடிக்கும், பட்டையில் நோய் வந்தாலும் எங்களுக்குத் தெரியாது, மெல்லிய கொப்பில் இறுக்கிக் கட்டினால் அது பருக்கும்போது நூல் உள்ளே வெட்டும். தொங்குகிற நூலில் குருவியின் கால் சிக்கினால் அது அவ்வளவுதான். இதற்கென்று உலக நாள் வேறு, 2011 ஜூன் 11 அன்று முதல் தடவை கொண்டாடினார்கள், தொடங்கிவைத்ததும் இங்கே கனடாவில் லெத்பிரிட்ஜ் என்ற ஊர்க்காரி ஒருத்தர்தான். கழற்றும் நாள் என்று ஒன்றை யாரும் அறிவித்த மாதிரித் தெரியவில்லை.

இன்னொன்று, பாம்பிங் என்று சிரித்துக்கொண்டு சொல்கிறீர்கள். பங்கருக்குள் படுத்திருந்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல் விளையாட்டாக வாயில் வராது. குறை சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.

நூல்கண்டு:

மரங்கொத்தி அண்ணா, அந்தச் சொல்லை யோசிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கணும். சுவரில் ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிறவர்கள் ஊரெல்லாம் எழுதிக் குவிப்பதை பாம்பிங் என்பார்கள், அங்கிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். லண்டனில் 2009-இல் 'நிட் த சிட்டி' என்று குழு தொடங்கிய லாரன் ஓ'ஃபாரல் இதற்கு 'யார்ன்ஸ்டார்மிங்' என்று வேறு பெயர் வைத்தார். நூல் மழை என்று வைத்துக்கொள்ளலாம், இந்த இழையில் நானும் இனிமேல் அப்படியே சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. 2006-இல் கோபன்ஹேகனில் மரியான் யோர்கென்சன் என்ற கலைஞர் ஒரு நிஜ பீரங்கி வண்டியை, இரண்டாம் உலகப்போர் காலத்து எம்-24 சாஃபி டாங்கியை, இளஞ்சிவப்பு நூலால் மூடினார். ஈராக் போரில் டென்மார்க் சேர்ந்ததை எதிர்த்து. பல நாட்டிலிருந்து ஆட்கள் பின்னி அனுப்பிய துண்டுகள், நாலாயிரத்துக்கும் மேல். குழாய் முனையில் ஒரு குஞ்சம் தொங்கும். அந்தப் படத்தைப் பார்த்தால் டாங்கி மேல் இருந்த பயம் போய்ச் சிரிப்பு வரும், சிரித்து முடித்ததும் என்னவோ செய்யும். அதையும் பெட்டிக்குக் குளிருமா கணக்கில் சேர்ப்பீர்களா, திருப்பூர் சார்?

கிறுக்கல்மன்னன்:

டாங்கியைச் சேர்க்க வேண்டாம், அது போராட்டம். ஆனால் ஓரவஞ்சனை ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பாலத்துக்குக் கீழே பெயிண்ட் அடித்தால் போலீஸ், அபராதம், கேஸ். அதே பாலத்தில் அனுமதி கேட்காமல் ஒரு பாட்டி நூலைச் சுற்றினால் உள்ளூர்ப் பத்திரிகையில் அரைப்பக்கப் படம். ரெண்டும் பொதுச்சொத்து மேல் கேட்காமல் கை வைப்பதுதானே? ஆளின் வயதும் தோல் நிறமும் பார்த்துத்தான் இது குறும்பு, அது குற்றம் என்று பிரிக்கிறார்கள். எனக்கு நூல் மேல் கோபம் இல்லை, அதைப் பார்த்து வழிகிறவர்கள் மேல்தான் கோபம்.

நூல்கண்டு:

பெயிண்டைச் சுரண்ட ஆளும் மருந்தும் வேண்டும். இதற்கு ஒரு கத்தரிக்கோல் போதுமே.

மரங்கொத்தி:

கத்தரிக்கோல் பிடிக்கிற கை யாருடையது, தங்கச்சி? அதைத்தான் மேலே எழுதினேன்.

கிறுக்கல்மன்னன்:

அனுமதி என்றதும் நினைவுக்கு வருகிறது. நியூயார்க் வால் ஸ்ட்ரீட் பக்கம் இருக்கும் வெண்கலக் காளைக்கு 2010 டிசம்பரில் ஓலெக் என்ற பெண் கலைஞர் உடம்பு முழுக்கக் குரோஷா சட்டை போட்டார், கொம்பு முதல் வால் வரை. சில மணி நேரத்தில் பிய்த்து எறிந்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தக் காளையே 1989 டிசம்பரில் ஆர்டுரோ டி மோடிகா என்ற சிற்பி யாரையும் கேட்காமல் ராத்திரியில் லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனதுதான். அது இன்று சுற்றுலாத் தலம், சட்டை மட்டும் குப்பை. கனமாக இருந்தால் கலையாகிவிடும் போல.

திருப்பூர்_பனியன்:

இது நல்லா இருக்கு :)

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. அத்தனை நூலையும் ஒரு மனுஷன் உடம்பில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

குரோஷா_பாட்டி:

தம்பி, உன் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் ரெண்டும் செய்தவள்.

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழு உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸ் வாங்கியதே, 11,148.5 சதுர மீட்டர். ஆயிரம் பேருக்கு மேல் பின்னியதில் நானும் ஒருத்தி. என் வீட்டுக்காரர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும், பக்கத்தில் ஆள் இல்லை, என்ன செய்வது? கொக்கி ஊசியை எடுத்துக்கொண்டு உட்காருவேன். ஒரு வரிசை, இன்னொரு வரிசை. எண்ணிக்கை தப்பினால் பிரிக்க வேண்டும், அதனால் வேறு எதையும் நினைக்க முடியாது, அதுதான் அதிலிருக்கும் மருந்து. கை போன போக்கில் முப்பதுக்கு மேல் துண்டு முடித்துவிட்டேன். அப்புறம் போர்வை ஏழைகளுக்குப் போகும் என்றார்கள், மனசு நிறைந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பின்னியது ஏழைக்காக இல்லை தம்பி, எனக்காக. மைதானத்தில் எல்லாவற்றையும் விரித்துப் போட்ட அன்று, என் ஊதாத் துண்டு எங்கே என்று வெயிலில் தேடிக்கொண்டு நடந்தேன் பார், அவர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

தானம் வேண்டும் என்றால் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்குப் போர்வை கிடைக்கிறது, வாங்கிக் கொடு. பின்னுவது வேறு கணக்கு.

திருப்பூர்_பனியன்:

அம்மா, உங்களிடம் வாதம் செய்ய எனக்கு வாய் இல்லை. ஆனால் பாருங்கள், உங்கள் கதையிலும் துண்டு கடைசியில் ஒருத்தர் மேல் போய்ச் சேர்ந்தது. மழையில் மக்கவில்லை.

நூல்கண்டு:

மழையில் நனைந்த துண்டும் திரும்பி வந்திருக்கிறது சார். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் ஊரில் ஆண்டி வார்ஹால் பாலம் என்று ஒன்று. 2013 ஆகஸ்டில் அந்தப் பாலம் முழுக்க 580 பின்னல் துண்டுகளால் மூடினார்கள், ஊரே சேர்ந்து பின்னியது, முறையாக அனுமதி வாங்கித்தான். ஒரு மாதம் போல இருந்தது, அப்புறம் அவர்களே கழற்றி, துவைத்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்தார்கள்.

திருப்பூர்_பனியன்:

ஒரு மாதம் லாரிப் புகை குடித்த துணி. உங்கள் குழந்தைக்குப் போர்த்துவீர்களா? வீட்டில் போர்த்த மாட்டோம், வீடில்லாதவனுக்கு ஆகும், அப்படியா? இந்தத் தானப் பேச்சுதான் எனக்குப் பிடிக்கவில்லை. குரோஷா அம்மா சொன்ன மாதிரி எனக்காகப் பின்னினேன் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போங்கள், வாயை மூடிக்கொள்கிறேன்.

மரங்கொத்தி:

இதில் நான் திருப்பூர்க்காரர் பக்கம் பாதி, தங்கச்சி பக்கம் பாதி. இங்கிலாந்தில் 2014 ஆகஸ்ட் 9, நாகசாகி நாள் அன்று அணு ஆயுதத்தை எதிர்த்து அணு ஆயுதம் செய்கிற இடங்களான ஆல்டர்மாஸ்டனுக்கும் பர்க்ஃபீல்டுக்கும் நடுவில் ஏழு மைல் நீளத்துக்கு இளஞ்சிவப்புச் சால்வை பிடித்தார்கள். ஒரே நாள். சுருட்டி எடுத்துக்கொண்டு போய், பிரித்து, போர்வைகளாகத் தைத்தார்கள். போடுகிறவர்களே எடுக்கிறார்கள் என்றால் எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. என் சண்டை எல்லாம் படம் எடுத்துப் போட்டுவிட்டு மறந்து போகிறவர்களோடுதான். மரத்தில் ஒரு சின்ன அட்டை தொங்கவிடுங்கோ, இன்ன தேதிக்கு நாங்களே வந்து கழற்றுவோம் என்று. அந்தத் தேதி வரைக்கும் நான் கத்தியை வெளியே எடுக்க மாட்டேன்.

கிறுக்கல்மன்னன்:

தேதி போட்டு அட்டை மாட்டினால் அது அரசாங்க விழா. திருட்டுத்தனம் போனால் இதில் என்ன சுவை இருக்கு? 2005-இல் ஹூஸ்டனில் மாக்டா சாயெக் தன் கடைக் கதவின் கைப்பிடிக்கு ஒரு நூல் உறை போட்டுத்தான் இன்றைக்கு இருக்கும் இந்தப் பைத்தியத்தைத் தொடங்கிவைத்தார் என்பார்கள். சொந்தக் கதவோடு நின்றிருந்தால் யாருக்குத் தெரியும்? அடுத்துத் தெருவில் இருந்த ஸ்டாப் பலகையின் கம்பத்துக்குப் போனார், அங்கேதான் சூடு பிடித்தது.

நூல்கண்டு:

திருட்டுத்தனம் என்றதும் சொல்லியே ஆகணும். எங்கள் வாத்தை நேற்று ராத்திரி யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்து குஞ்சும் அப்படியே இருக்கிறது, தாயை மட்டும் காணோம். காலையில் பள்ளிக்கூடம் போகிற ஒரு குட்டிப் பெண் பெட்டி மேல் சீட்டு ஒட்டியிருக்கிறாள், கோணல் எழுத்தில், "அம்மா வாத்தே சீக்கிரம் வா". புதன்கிழமைக் குழுவில் ஒரே அமளி. எண்பத்தோரு வயதுப் பாட்டி ஒருத்தர் இன்றே புது வாத்து தொடங்கிவிட்டார்.

கூடவே தொப்பியையும் புதிதாகப் பின்னலாம் என்று இருக்கிறோம், பழையது சிறியதாகிப் போய் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. பேட்டர்ன், அதாவது பின்னல் குறிப்பு, அமெரிக்காவுடையது, அவர்கள் டபுள் குரோஷே என்று எழுதினால் இங்கே பிரிட்டனில் அது ட்ரெபிள், இங்கே டபுள் என்றால் அதைவிடக் குட்டை. நாங்கள் இந்த ஊர்க் கணக்கில் குட்டைத் தையலாகப் போட்டுவிட்டோம். இந்தத் தடவை பருத்தி நூலில் போட்டால் பிளாஸ்டிக் வம்பும் இருக்காதே என்று யோசனை.

திருப்பூர்_பனியன்:

பருத்தி வேண்டாம்.

மழை குடித்தால் மூன்று பங்கு கனக்கும், தொங்கிப் போய்க் கடிதம் போடுகிற வாயையே மூடிவிடும். பாட்டிகள் வீட்டில் பழைய கம்பளி ஸ்வெட்டர் கிடக்குமே, அதைப் பிரித்து நூலாக்குங்கள், சாயமும் ஏற்கனவே துவைத்து வெளுத்திருக்கும், புதிதாக ஒரு பைசா செலவில்லை. வாத்துக்குள் பஞ்சு அடைக்காதீர்கள், தண்ணீர் நிற்கும். தொப்பியின் அடியில் ஒரு நாடா கோத்து இறுக்கினால் ஏறாது. பெட்டியின் சுற்றளவு எவ்வளவு என்று இன்ச் டேப்பில் அளந்தீர்களா, இல்லை கண் அளவா?

நூல்கண்டு:

கண் அளவுதான் சார் :(

திருப்பூர்_பனியன்:

அளந்து போடுங்கள்.