ஸ்லைடை மூடிய பிறகும் உள்ளே புழங்க முடிகிற டிரெய்லர்: உங்கள் அனுபவம் என்ன?

டென்வர்வாசி

வயோமிங்கில் 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே அடிக்கும் காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எல்க் மலையை ஒட்டிக் காற்று பலத்தால், எடை குறைந்த உயரமான வண்டிகளை விடமாட்டார்கள். டிரெய்லர் வீட்டை இழுத்துச் சென்ற எங்களையும் லாரமியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் இரவு தங்க அனுமதி கிடைத்தது. ஸ்லைடை, அதாவது வண்டி நின்றதும் பக்கச் சுவரோடு வெளியே நீண்டு உள்ளே இடத்தைக் கூட்டும் பகுதியை, மட்டும் வெளியே தள்ளக் கூடாது என்றார் மேலாளர். அவர் சொல்லாவிட்டாலும் தள்ளியிருக்க மாட்டேன். ஸ்லைடின் மேலே விரிகிற துணி அந்தக் காற்றில் கிழிந்து பறந்திருக்கும்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் எங்களோடு இருந்தார். அவருடைய புதிய இன்சுலின் பேனாக்கள் ஃபிரிட்ஜுக்குள் இருந்தன. எங்கள் டிரெய்லரில் ஃபிரிட்ஜ் ஸ்லைடில் இருக்கிறது; மூடினால் எதிரே சமையல் மேடை. கதவு நான்கு விரற்கடை திறந்து மேடையின் விளிம்பில் இடித்து நின்றுவிட்டது. என் மனைவி மணிக்கட்டு வரை கையை நுழைத்துத் துழாவினாள். தயிர் டப்பா விரலில் பட்டது. அதற்குப் பின்னால் இருந்த மருந்துப் பெட்டி எட்டவில்லை. கதவின் ரப்பர் விளிம்பு அவள் முழங்கையில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. மாமியார் தட்டைத் தொடாமல் உட்கார்ந்துகொண்டு, "விடுங்க மாப்பிள்ளை, ஒரு வேளைதானே" என்றார். அந்தச் சொல்லை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு காற்று சற்றுத் தணிந்ததும் ஸ்லைடை ஓர் அடி தள்ளி, பெட்டியை எடுத்துக்கொண்டு உடனே மூடினோம். இப்போது வேறு டிரெய்லர் பார்க்கிறேன். 28 அடிக்குள் இருக்க வேண்டும், இரண்டு பிள்ளைகள், கூடவே பெரியவர்கள். விளம்பரத்தில் எழுதியிருப்பது எனக்கு வேண்டாம். மூடிய வண்டிக்குள் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

மிச்சிகன் அம்மா

எங்களுக்கு ஃபிரிட்ஜில் சிக்கலே இல்லை. பாத்ரூமில்தான்.

வண்டியின் பின்கோடியில் பாத்ரூம், நடுவில் தீவு போல நிற்கும் சமையல் மேடை, அதற்கு எதிரே சாப்பாட்டு மேசையோடு கூடிய ஸ்லைடு. மூடினால் மேசையும் மேடையும் முட்டிக்கொள்ளும். இந்தியானா சுங்கச்சாலையின் ஓய்விடத்தில் கழிப்பறையைச் சுத்தம் செய்வதற்காகப் பூட்டியிருந்தார்கள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. "அம்மா, முடியல" என்று அழுகிறாள். மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்விடலாம் என்று அவளே முடிவு செய்து நுழைந்துவிட்டாள். பாதி வழியில் அவள் கவுன் மேசைக் காலின் திருகில் மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கமும் போக முடியவில்லை, இந்தப் பக்கமும் வர முடியவில்லை. நான் இந்த முனையில் மண்டியிட்டுக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் செருப்பு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. கடைசியில் அங்கேயே ஆகிவிட்டது. அவள் அழுததைவிட, "யாரிடமும் சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போதிருக்கும் வண்டியில் பாத்ரூமுக்கு வெளியிலிருந்தே தனிக் கதவு உண்டு. பங்க் படுக்கை (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய படுக்கை) உள்ள குடும்ப வண்டிகள் பலவற்றில் இந்த இரண்டாம் கதவு வருகிறது. ஸ்லைடு மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் படியேறினால் நேரே பாத்ரூம். டென்வர்வாசி அண்ணா, பெரியவர்கள் கூட வருவதால் இதை முதலில் பாருங்கள்.

எல்க்கார்ட் பக்கம்

டென்வர்வாசி சொன்னதில் இரண்டு விஷயங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது, ஸ்லைடை ஓர் அடி மட்டும் தள்ளியது. பெரும்பாலான தயாரிப்பாளர்களின் கையேட்டில் ஸ்லைடு முழுவதும் உள்ளே, அல்லது முழுவதும் வெளியே என்றுதான் இருக்கும். பாதியில் நிற்கும் ஸ்லைடின் எடையை எதுவும் சரியாகத் தாங்குவதில்லை. சுற்றியுள்ள ரப்பர் விளிம்பும் சுவரோடு பொருந்தாது. சமமில்லாத தரையில், அதுவும் காற்றில் அப்படிச் செய்தால் இரண்டு முனையும் ஒரே அளவில் நகராமல் கோணிக்கொள்ளும். இரண்டாவது, இன்சுலின். பயன்பாட்டில் இருக்கும் பேனா பல வகைகளில் நான்கு வாரம் வரை சாதாரண அறை வெப்பத்திலேயே இருக்கலாம். மருந்து அட்டையில் நாள் கணக்கு போட்டிருக்கும். அதை ஃபிரிட்ஜுக்குள் பூட்டி வைக்க வேண்டிய அவசியமில்லை.

என் கதை சிறியது. பென்சில்வேனியாவில் ஹெர்ஷி நகரத்தில் செப்டம்பர் தோறும் நடக்கிற பெரிய வண்டிக் கண்காட்சிக்குப் போனேன். பிடித்திருந்த ஒரு வண்டியின் ஸ்லைடை மூடிக் காட்டச் சொன்னேன். "இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை" என்றார் விற்பனையாளர். பின்னால் நின்ற வரிசையைக் கைகாட்டினார். லட்சக்கணக்கான ரூபாய்க்குச் சமமான டாலரைக் கேட்கிறவர் ஒரு பொத்தானை அழுத்த மறுக்கிறார்! அந்த முகபாவம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே ஒரு அளவு நாடாவோடு போங்கள். கணக்கு எளிது. வண்டியின் வெளி அகலம் பெரும்பாலும் 96 அங்குலம். அகலமான வகையில் 102, அமெரிக்க நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்படும் உச்சமும் அதுவே. 96-இல் சுவர்களுக்காக நான்கு கழித்தால் உள்ளே 92. எதிரெதிர் இருக்கையுள்ள சாப்பாட்டு மேசை ஸ்லைடு மூடும்போது சுமார் 42 அங்குலம் உள்ளே வரும். சமையல் மேடை 24. மிச்சம் 26. ஒரு ஆள் நடக்கலாம். நடுவில் தனி மேடை இருந்தால் அந்த 26-உம் போயிற்று. சோஃபா ஸ்லைடாக இருந்தால் ஆழம் குறைவு, வழி தாராளமாகக் கிடைக்கும். ஃபிரிட்ஜுக்கு இரட்டைக் கதவு இருந்தால் குறுகிய இடத்திலும் திறக்கும். சில மாதிரிகளில் கதவின் கீலை மறுபக்கம் மாற்றவும் முடியும். கட்டிலின் தலைமாடு ஸ்லைடுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூடும்போது மெத்தை மடங்கும், அல்லது கால்மாடு எதிர்ச்சுவரைத் தொடும். சுவரோடு மடித்து நிறுத்துகிற கட்டில் பல சிறிய வண்டிகளில் ஸ்லைடின் தேவையையே குறைத்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட, சிவப்புப் பிடி போட்ட அவசர ஜன்னல். மூடிய நிலையில் அதன் முன்னால் அலமாரி வந்து நிற்கிறதா என்று பாருங்கள். வாசல் பக்கம் தீப்பிடித்தால் நீங்கள் வெளியேற வேண்டிய வழி அது. விற்பவர்கள் தரும் வண்டியின் உள்ளமைப்பு வரைபடத்தில் இது எதுவும் தெரியாது, ஏனென்றால் வரைபடம் திறந்த நிலையில்தான் வரையப்படுகிறது. சில தயாரிப்பாளர்கள் மட்டும் மூடிய நிலைக்கும் ஒன்று தருகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

காவிரிக்கரை

எல்க்கார்ட் பக்கம் ஐயா, கையேட்டை நாங்களும் படிக்கிறோம். வயதான ஒருவர் மருந்தில்லாமல் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும்போது ஓர் அடி தள்ளியதைக் குற்றம் போலச் சொல்ல வேண்டாம். அவர் தள்ளினார், எடுத்தார், உடனே மூடினார். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

எனக்கு நேர்ந்தது ஸ்மோக்கி மலைகளில், எல்க்மாண்ட் முகாமில். எங்களுக்குக் கிடைத்த இடத்தில் மின் இணைப்பு கிடையாது என்பதால் வண்டி முழுக்க பேட்டரியை நம்பியே இருந்தது. இடத்தை இணையத்தில் பதிவு செய்தபோது டிரெய்லரின் நீளத்தைத்தான் கேட்டார்கள். நீளம் சரியாகவே இருந்தது. ஆனால் ஓட்டுநர் பக்கத்தில் ஒரு டியூலிப் மரம், இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பருமன். முன்னே பின்னே நகர்த்தி எத்தனையோ விதமாக நிறுத்திப் பார்த்தோம். ஸ்லைடுக்கும் மரத்துக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையும் அளவுதான் இடம். இருட்டிவிட்டது, மழை. என் கணவர் டார்ச்சோடு மரத்தடியில் நின்று "நிறுத்து, நிறுத்து" என்று கத்துகிறார். உள்ளே பொத்தானில் என் விரல் இருக்கிறது. மரப்பட்டையின் ஈரமான பச்சைப் பாசியும் ஸ்லைடின் வெள்ளை விளிம்பும் ஒன்றையொன்று தொடும் முன் விரலை எடுத்துவிட்டேன். திரும்ப உள்ளே இழுத்தாயிற்று. அங்கே தங்கிய நாள் முழுக்க அது மூடியபடியே இருந்தது.

ஆனால் எங்கள் வண்டியில் கட்டில் முன்பக்கம் தனியாக நிலைத்து நிற்கிறது. பாத்ரூம் இருப்பது வண்டியின் வாசலுக்கு நேர் எதிரில். அடுப்புக்கும் போகலாம். ஸ்லைடில் இருப்பது சோஃபா மட்டும். ரசம் வைத்தோம், சாதம் வடித்தோம், குழந்தைகள் கட்டிலில் உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். பயணம் கெடவில்லை. வாழ்க்கைக்கு வேண்டியதையெல்லாம் நகராத சுவரோரம் வைத்திருக்கும் வண்டியைத் தேடுங்கள் என்பதே நான் சொல்வது.

தனிவழி

இத்தனை பேர் இத்தனை சிரமத்தைச் சொல்கிறீர்கள். ஸ்லைடே இல்லாத வண்டி வாங்கினால் என்ன? ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் டிரெய்லர்களைப் பாருங்கள். இப்போது வருகிறவை எல்லாம் வளைந்த அலுமினிய உடல், ஸ்லைடு இல்லை. வேறு பல நிறுவனங்களிலும் ஸ்லைடில்லாத சிறிய மாதிரிகள் உண்டு. மோட்டாரும் பல்சக்கரமும் கேபிளும் இல்லை. ரப்பர் விளிம்பு வழியாக எறும்பு வராது, குளிர் வராது. பல நூறு பவுண்டு எடையும் மிச்சம். கான்சாஸில் இடி மழையோடு காற்று வந்தபோது பக்கத்து வண்டிக்காரர் நனைந்தபடி ஸ்லைடின் மேலே கிடந்த கிளைகளைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளாமல் உள்ளே இழுத்தால் அத்தனையும் விளிம்பில் சிக்கும். அவர் மனைவி உள்ளேயிருந்து ஜன்னலைத் தட்டி, வந்துவிடும்படி சைகை காட்டிக்கொண்டே இருந்தார். புயல் எச்சரிக்கை வேறு ஒலிக்கிறது. நான் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். மின்னல் வெளிச்சத்தில் அந்த மனிதரின் கை நடுங்கியதைப் பார்த்த பிறகு ஸ்லைடுள்ள வண்டியை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மிச்சிகன் அம்மா

தனிவழி அண்ணா, நீங்களும் அண்ணியும் மட்டும் போகிறீர்கள் என்று முன்பே எழுதியிருக்கிறீர்கள். ஆரிகன் கடற்கரையில் விடாத மழையில் இரண்டு குழந்தைகளையும் மாமனார் மாமியாரையும் ஸ்லைடில்லாத வாடகை வண்டியில் வைத்துப் பாருங்கள். ஒருவர் எழுந்து நின்றால் மற்ற எல்லோரும் உட்கார வேண்டும். மாமனார் வெராந்தாத் துணிக்கு அடியில் நாற்காலி போட்டு, போர்வையோடு பகல் முழுதும் வெளியிலேயே இருந்தார். உள்ளே கூப்பிட்டால், "குழந்தைகள் விளையாடட்டும்" என்பார். ஸ்லைடு வேண்டாம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். மூடினாலும் உயிர்வாழ முடிகிற ஸ்லைடு வேண்டும். கேள்வியும் அதுதான்.

சான் அன்டோனியோ

நாங்கள் டீலரிடமே மூடிக் காட்டச் சொல்லிப் பார்த்தோம். அவர் மறுக்கவில்லை, ஆனால் வெளியே நின்றுகொண்டே "பார்த்தாயிற்றா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி பொறுமையாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். வாசலிலிருந்து பாத்ரூம் வரை நடந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஃபிரிட்ஜை முழுதும் திறந்தாள், கீழ்த்தட்டுப் பெட்டியை வெளியே இழுத்தாள். கட்டிலின் இரண்டு பக்கமும் இறங்கினாள். பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து, "முழங்கை இடிக்கிறது, இது வேண்டாம்" என்றாள். டீலரின் முகம் சுருங்கிவிட்டது. அந்த வண்டியில் எனக்கு ஆசை இருந்தது. அவள் சொன்னதைக் கேட்டு அடுத்த வரிசைக்குப் போனோம். அங்கே சோஃபா மட்டும் ஸ்லைடில், ஃபிரிட்ஜ் நிலைச்சுவரில் இருந்த ஒரு வண்டி கிடைத்தது. அதைத்தான் வாங்கினோம்.

டெக்சாஸ் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் 24 மணி நேரம் வரை நிற்கலாம் என்பதால், வெயிலுக்கு ஒதுங்கி மதியச் சாப்பாடு முழுக்க மூடிய வண்டியிலேயே முடிகிறது. மனைவி தோசை வார்ப்பாள், நான் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவேன்.

காவிரிக்கரை அக்காவிடம் ஒரு கேள்வி. உங்களுடையது கேபிள் வகை ஸ்லைடா, பல்சக்கர வகையா? பேட்டரி இறங்கினால் கையால் இழுக்க வழி இருக்கிறதா, திருகு எந்த இடத்தில் இருக்கிறது? எங்களுடையதில் வண்டிக்கு அடியில், சக்கரத்துக்குப் பின்னால் என்று போட்டிருக்கிறது. படுத்துக்கொண்டு தேடினேன், சேறு படிந்து ஒன்றும் தெரியவில்லை.