செங்குரங்குக் குட்டிகளைக் காட்டுக்குத் திருப்பி விட ஒராங்குட்டான் முறை சரிவருமா?

உப்புவெளி_காடு:
வணக்கம். திருகோணமலையில் ஒரு தொண்டர் குழுவாக, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து, கால்நடை வைத்தியரின் மேற்பார்வையில் மூன்று செங்குரங்குக் குட்டிகளைப் பராமரிக்கிறோம். மூன்றுமே ஒரு வயதுக்குக் குறைந்தவை. இரண்டின் தாய்மார் மின்கம்பியில் அடிபட்டுச் செத்தவை. மற்றது ஒரு வீட்டில் சங்கிலியில் நின்றது. போர்னியோவில் ஒராங்குட்டான் குட்டிகளுக்குக் காட்டுப் பள்ளி நடத்தி, ஆட்கள் கூடவே போய் மரமேறப் பழக்குகிறார்களே, அதை இங்கே செய்யலாமா? கோணேசர் கோயிலடிக் கூட்டத்தோடு விட்டால் அதுவே சேர்த்துக்கொள்ளும் என்கிறார்கள் சிலர். கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் என்றும் ஒரு கதை இருக்கிறது. எங்கே, எப்போது விடலாம்?

பாலைமரம்:
கோயிலடி யோசனையை முதலில் கைவிடுங்கள். செங்குரங்குக் கூட்டத்தில் குட்டியின் தரம், அதாவது யாருக்கு மேல் யாருக்குக் கீழ் என்ற நிலை, தாயின் தரத்தோடு வருவது. பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருக்கும். பருவம் வந்த ஆண்கள்தான் வேறு கூட்டம் தேடிப் போகும். வளர்ந்த ஆணுக்கு உள்ளே நுழைய அப்படி ஒரு வழி உண்டு. தாயில்லாத அந்நியக் குட்டிக்கு அதுவும் இல்லை. கடிக்கும், துரத்தும், சாப்பாட்டுக்குக் கிட்ட விடாது. பொலன்னறுவையில் இந்த இனத்தை 1968 முதல் விடாமல் கவனித்து வருகிறார்கள். தரம் குறைந்த குட்டிகள் தாய் உயிரோடு இருக்கும்போதே உணவுப் போட்டியில் தோற்று அதிகம் சாகின்றன என்று அங்கே பதிவாகியிருக்கிறது.

ஒராங்குட்டான் முறை அப்படியே பொருந்தாததும் இதனால்தான். அது வளர்ந்தபின் பெரும்பாலும் தனியே திரியும். குட்டி ஆறேழு வருடம் தாயைப் பிடித்துக்கொண்டு திரிந்து, எந்த மரம் எப்போது பழுக்கும், இரவுக்குக் கிளையை மடித்துக் கூடு கட்டுவது எப்படி என்று படிக்கிறது. காட்டுப் பள்ளியில் பராமரிப்பாளர் செய்வது அந்தத் தாயின் வேலை. செங்குரங்குக்குக் காடு முழுக்கத் தெரிந்தாலும் கூட்டம் இல்லாவிட்டால் பிழைக்காது. ஆகவே கூட்டத்தை உண்டாக்குவதுதான் உங்கள் முதல் வேலை, அதற்கு மூன்று காணாது. வேறு இடங்களில் மீட்டவற்றையும் திணைக்களம் வழியாகச் சேர்த்து எட்டுப் பத்தாவது ஆக்குங்கள். வளர்ந்த பெண் ஒன்று கிடைத்தால் பெரிய உதவி. ஆனால் உலர்வலயத்துக் குரங்குகளாகப் பாருங்கள். மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் இருப்பவை வேறு துணையினங்கள். போர்னியோவிலும் ஒராங்குட்டானின் மூன்று துணையினங்களைக் கலக்காமல்தான் விட வேண்டும் என்பது விதி.

நம் நாட்டிலேயே பார்க்கக்கூடிய உதாரணம் உடவளவை. 1995இல் தொடங்கிய அந்த யானைக்குட்டி நிலையத்தில் பால் கொடுக்கும் நேரம் தவிர ஆள் தொடர்பு மிகக் குறைவு. தனிக் குட்டியாக விடாமல், ஒன்றாக வளர்ந்தவற்றைச் சேர்த்து விடுகிறார்கள்.

மூதூர்_கால்நடை:
கூட்டம் சேர்ப்பதற்கு முன் குறைந்தது ஆறு கிழமை தனிமைப்படுத்த வேண்டும். சங்கிலியில் நின்ற குட்டியில்தான் எனக்குப் பயம். மனிதரிடமிருந்து காசநோயும் சின்னமுத்தும் குரங்குக்குத் தொற்றும். காசநோய் ஒன்றிடமிருந்து முழுக் கூட்டுக்கும் பரவும். மேல் இமைத் தோலுக்குள் 0.1 மில்லிலீற்றர் டியூபர்குலின் (காசநோய்ச் சோதனை ஊசி) போட்டு 24, 48, 72 மணித்தியாலத்தில் வீக்கம் பார்க்க வேண்டும். இரண்டு கிழமை இடைவெளியில் மூன்று தடவையும் வீங்காமல் இருந்தால்தான் சேர்க்கலாம். ஒராங்குட்டானில் நோய் இல்லாமலே இந்தச் சோதனை வீக்கம் காட்டுவதுண்டு, அதனால் அங்கே வேறு சோதனைகளையும் சேர்த்தே முடிவெடுப்பார்கள். மலத்தை மூன்று வெவ்வேறு நாளில் பரிசோதியுங்கள். புழு முட்டை ஒரு நாள் தெரியும், மறுநாள் தெரியாது. பராமரிப்பவர்களும் காசநோய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். தடிமன் பிடித்தவர் அன்றைக்குக் கூட்டுக்கு வரவே கூடாது.

தாயில் தொங்கிய குட்டிக்கும் மின்சாரம் பாய்ந்திருக்கும். முதல் நாள் சின்ன வடுவாகத் தெரிவது பத்து நாளில் விரலையே கொண்டுபோகும். கை, கால், வால் நுனியைத் தினமும் பாருங்கள்.

பால் குடிப்பதற்கு 0–6 மாதக் குழந்தைப் பால்மா போதும். ஒரு தடவைக்கு உடல் எடையில் 5 வீதத்துக்கு மேல் வேண்டாம்: 500 கிராம் குட்டிக்கு 25 மில்லிலீற்றர். வயிறு கீழாக, தலை சற்று உயர இருக்கட்டும். மனிதக் குழந்தை மாதிரி மல்லாத்திப் பிடித்தால் பால் சுவாசப்பைக்குள் போய் நிமோனியா வரும். உடம்பு குளிர்ந்த குட்டிக்குப் பாலே கொடுக்காதீர்கள். முதலில் சூடாக்கி, பிறகு ஜீவனி (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புச் சீனிக் கரைசல்), அதன் பிறகுதான் பால். வாழைப்பழமும் பாணும் மட்டும் தின்று இருட்டில் கிடந்த குட்டிக்குக் கல்சியமும் வெயிலும் இல்லாமல் எலும்பு வளையும். கொய்யா, கீரை, அவித்த முட்டை, காலை வெயில் எல்லாம் வேண்டும்.

மந்தி என்கிற இலை தின்னும் குரங்கின் குட்டி வந்தால் இதில் எதையும் பின்பற்றாதீர்கள். அதன் வயிறு இலையைப் புளிக்கவைக்கிற வயிறு. இனிப்புப் பழமும் பாணும் போனால் வாயு நிறைந்து செத்துப்போகும்.

உப்புவெளி_காடு:
மிக்க நன்றி. கூடு எப்படி அமைப்பது? அணைக்க ஆள் இல்லாவிட்டால் குட்டி ஏங்காதா?

பாலைமரம்:
ஏங்கும். தனியே விட்டால் விரல் சூப்பும், ஆடிக்கொண்டே இருக்கும், தன்னையே கடிக்கும். அதற்கு மருந்து இன்னொரு குட்டிதான். தனிமைப்படுத்தும் காலத்தில், ஒன்றாக வந்த இரண்டையும் ஒரே கூட்டில் வையுங்கள். மற்றதற்குச் சுருட்டிய துவாய் ஒன்றைத் தொங்கவிட்டு, மற்றவை கண்ணில் படும் தூரத்தில் வையுங்கள். பால் மறந்ததும் ஆள் கை படுவதும் நிற்க வேண்டும்.

கூட்டுக்கு 25 மில்லிமீற்றர் வெல்ட்மெஷ் (பற்றவைத்த கம்பிவலை), உயரம் 3 மீற்றருக்குக் குறையாமல், நிலத்துக்குள் 30 சென்ரிமீற்றர் புதைத்து, இரட்டைக் கதவோடு. ஆள் நடமாடும் பக்கத்தை மறையுங்கள். சாப்பாடு குழாய் வழியாகப் போகட்டும், கையால் நீட்ட வேண்டாம். பாலை, வீரை, ஆல், நாவல் கிளைகளைக் காயும் பூச்சியுமாக அப்படியே உள்ளே கட்டுங்கள்; பழத்தை வெட்டிக் கொடுத்தால் தேடத் தெரியாமல் போகும். போர்னியோவின் சபாவில் 1964இல் தொடங்கிய செபிலோக் ஒராங்குட்டான் நிலையத்தில் மேடையில் வைக்கும் உணவை வேண்டுமென்றே ஒரேமாதிரி வைத்தார்கள், சலித்துப்போய்க் காட்டில் தேடட்டும் என்று. சுமாத்திராவின் புக்கிட் லாவாங்கில் சுற்றுலாப் பயணிகள் பழம் நீட்டிப் பழக்கியதால், விடுவிக்கப்பட்ட ஒராங்குட்டான்கள் ஆட்களை மறித்துப் பறிக்கத் தொடங்கின. கோணேசர் கோயிலடியிலும் கன்னியாவிலும் யாத்திரிகர் பை பறிபோவதும் இதே காரணத்தால்தான்.

செங்குரங்குக்குக் குடிநீர் கட்டாயம். உலர்வலயத்தில் குளத்தோரமும் ஆற்றோரமும் ஏற்கனவே ஏதாவது ஒரு கூட்டத்தின் கையில் இருக்கும். ஆகவே ஓகஸ்ட், செப்ரெம்பர் வரட்சியில் இடத்தைப் பார்க்க வேண்டும், அப்போதும் தண்ணீர் நிற்கிறதா, விடியலில் எந்த மரங்களில் கூட்டம் தூங்கி எழும்புகிறது என்று. விடுவது மாரி மழை ஓய்ந்த மாசி அளவில்: தண்ணீர் நிற்கும், தளிர் இருக்கும், வைகாசிக்குப் பிறகு பாலைப்பழமும் வீரைப்பழமும் வரும். அங்கேயே கூடு கட்டி மூன்று நான்கு கிழமை வைத்து, கதவைத் திறந்துவிட்டு, பழகின சாப்பாட்டை இரண்டு மாதத்துக்குள் படிப்படியாக நிறுத்துங்கள்.

கந்தளாய்_தோட்டம்:
எல்லாம் சரி, விடுகிற இடத்திலிருந்து தென்னந்தோட்டமும் வயலும் எவ்வளவு தூரம் என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். 2025 மார்ச் 15இல் நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கு, மயில், மரஅணில் எண்ணவைத்த அளவுக்கு விவசாயிகளின் பாடு இருக்கிறது. ஆளுக்குப் பயப்படாத குரங்கு முதலில் தோட்டத்துக்குத்தான் வரும்; வந்தால் சுடுவார்கள், பொறி வைப்பார்கள். பக்கத்து விவசாய சங்கத்தோடு முன்கூட்டியே கதையுங்கள். வந்தால் யாருக்கு அறிவிப்பது, யார் வந்து திருப்பிப் பிடிப்பது என்று எழுதிக் கொடுங்கள்.

பாலைமரம்:
முழுக்க ஏற்கிறேன். திருப்பிப் பிடித்தால் அடையாளம் தெரிய மைக்ரோசிப் போடுங்கள். வளரும் குட்டிக்கு ரேடியோப் பட்டி வேண்டாம், கழுத்து பெருக்கப் பட்டி இறுகும். வளர்ந்த பெண்ணுக்கு மட்டும், உடல் எடையில் 5 வீதத்துக்குக் குறைவான பட்டி போட்டால் முழுக் கூட்டத்தையும் பின்தொடரலாம். ஆளை நெருங்கி வந்து கைநீட்டுகிற குட்டியை அந்த வருடம் விட வேண்டாம்.