பிசியோ முடித்துவிட்டுப் பாதம், இன்சோல் பக்கம் போகலாமா? நெல்லையில் பிழைப்பு உண்டா?

அம்பை_கோமதி:
பிசியோ பட்டப்படிப்பான பிபிடி முடித்து இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன், ஊர் அம்பாசமுத்திரம். குதிகால் வலியோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பாதத்தின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. நடையைக் கவனித்து, அவரவர் காலுக்கேற்ற இன்சோல் (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் தட்டு) செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா? வெளிநாட்டில் போடியாட்ரிஸ்ட், அதாவது பாத வைத்தியர், ஆவதற்குத் தனிப் படிப்பே இருக்கிறதாம். இங்கே எதைப் படிக்க வேண்டும்? பாத அழுத்தம் காட்டும் ஸ்கேனர் ஒன்று வாங்கிப் போட்டால் ஆள் வருமா? அப்பாவிடம் சொன்னதற்கு, "இவ்வளவு செலவழிச்சுப் படிக்க வச்சது செருப்பு தைக்கவா?" என்கிறார்.

வள்ளியூர்_ராஜா:
இங்கிலாந்தில் பிசியோவாக இருக்கிறேன். போடியாட்ரிஸ்ட் என்ற பெயரை இங்கே சும்மா போட்டுக்கொள்ள முடியாது, சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு செய்வது எச்சிபிசி என்ற ஒரே அமைப்புதான், ஆனால் பிசியோ, போடியாட்ரி, ஆர்த்தோடிக்ஸ் (உடலைத் தாங்கும் சாதனங்கள் செய்வது) எல்லாம் தனித்தனிப் பட்டியல். பிபிடியைக் காட்டிப் போடியாட்ரிப் பட்டியலில் ஏற முடியாது. அங்கீகாரம் பெற்ற படிப்பைத் தனியாகப் படித்தாக வேண்டும். அப்புறம், இன்சோல் அவர்கள் வேலையில் ஒரு பகுதிதான். சதைக்குள் வளரும் நகம், கால் ஆணி, சுகர் புண் எல்லாம் அவர்கள் கையில்தான் வரும்.

பாளை_மாவுக்கட்டு:
தங்கச்சி, நான் பிபிஓ படித்தவன். கால்சென்டர் இல்லை, செயற்கை உறுப்பும் தாங்கு சாதனமும் செய்கிற பட்டப்படிப்பு (ப்ராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்த்தோடிக்ஸ்). பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். இங்கே இந்த வேலைக்கு முறையான படிப்பு அதுதான், செயற்கைக் கால், பெல்ட், காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்), இன்சோல் எல்லாம் சேர்த்து. இன்டர்ன்ஷிப்போடு நாலரை வருடம், முடித்தால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு. சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்திலும் வேலூர் சிஎம்சியிலும் உண்டு. இன்னொரு நாலரை வருடமா என்று மலைப்பாக இருந்தால், பரிசோதனையும் நடையும் நீங்கள் பாருங்கள், செய்கிற வேலையை ஒரு பிபிஓ ஆளிடம் விடுங்கள். எனக்கு ஆள் அனுப்புகிற பிசியோக்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

ஸ்கேனர் ஆசையை ஓரமாக வையுங்கள். திருநெல்வேலி ஷூ போடுகிற ஊர் இல்லை. இன்சோலோ ஷூவுக்குள் கிடக்க வேண்டிய சாமான். நம்மிடம் வருகிற அக்காமார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நாள் முழுக்க டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்கிறார்கள். எவ்வளவு அருமையாக வார்த்துக் கொடுத்தாலும் அது பீரோ மேல்தான் கிடக்கும். அதனால் நான் செய்வதில் பெரும்பங்கு செருப்புதான். பாதத்தின் வளைவை அடித்தட்டிலேயே இறக்கி, எம்சிஆர் என்ற மெத்தென்ற ரப்பர் போட்டு, பின்வார் வைத்துக் கொடுப்பேன். வீட்டுக்குள் போட இன்னொரு ஜோடி. அந்த இரண்டாவது ஜோடிக்குச் சம்மதிக்க வைப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை!

வருமானம் எங்கே என்று கேட்டால், சுகர்காரர்களிடம். பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒரு நைலான் இழை உண்டு, பாதத்தில் வைத்து அது வளையும்வரை அழுத்தினால் 10 கிராம் விசை. கண்ணை மூடச் சொல்லிப் பெருவிரலுக்கு அடியில் அழுத்திவிட்டு, "தெரியுதா அண்ணாச்சி?" என்பேன். "நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்பார். இப்படிப்பட்ட கால்தான் வெறுங்காலோடு திருச்செந்தூருக்கு நடந்து போகிறது. தார் ரோட்டில் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், வீட்டில் மகள் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆளுக்கே தெரியும். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் காலில் கண்டதும் இதுதான்: சதை தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தது. அழுத்தத்தைப் பரப்பிவிடு என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் மருந்து. முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் வந்தால் வேறு கதை. சம்மணம் போட்டே உட்கார்ந்து வெளிக்கணுக்காலில் காய்ப்பு. அதற்குச் செருப்பால் பயனில்லை, உட்காருகிற இடத்தில் மெத்தை வேண்டும்.

கை பழக வேண்டியது பாதத்தை மாவுக்கட்டில் அச்சு எடுப்பதில். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, கணுக்காலுக்கு முன்னால் தாலஸ் என்ற கணுக்கால் எலும்பின் இருபுறமும் ஒரு கையின் விரல்கள். மறு கையின் கட்டைவிரல் நாலாவது, ஐந்தாவது கால்விரல்களின் அடியில். உள்ளும் வெளியும் அசைத்து, எலும்பு இரண்டு பக்கமும் சமமாகத் தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, மாவுக்கட்டு இறுகும்வரை கையை அசைக்கக் கூடாது. அமெரிக்காவில் மெர்ட்டன் ரூட் என்ற போடியாட்ரிஸ்ட் வகுத்த முறை இது. பாதத்தை அந்த நிலைக்குக் கொண்டுவருவதே வைத்தியம் என்ற அவருடைய கொள்கையை இப்போது பலர் ஏற்பதில்லை. எந்தத் தசைநார் நோகிறதோ அதன் சுமையைக் குறைத்தால் போதும் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் இந்தப் பிடி கைக்கு வராதவருக்கு ஸ்கேனர் காட்டுவது வெறும் கலர் படம்.

அப்பா விஷயம். அவர் கேட்டது செருப்பைப் பற்றி மட்டும் இல்லை, அது உங்களுக்கும் தெரியும். என் பட்டறையில் மேல்வார் தைப்பவர் பரம்பரையாக அந்த வேலை செய்கிறவர். வார் அரை விரற்கடை தள்ளி விழுந்தால் புண் எங்கே வரும் என்று எனக்கு முன்னால் சொல்வார். அவரிடம் கற்றுக்கொள்ள மனம் ஒப்பவில்லை என்றால் இந்தத் துறைக்கு வராதீர்கள். கோபமாகச் சொல்லவில்லை.

அம்பை_கோமதி:
அண்ணாச்சி, ஒப்புகிறது. ஒரு சந்தேகம். அக்கா மகனுக்கு ஆறு வயது, தட்டைப் பாதம். இன்சோல் போட்டால் வளைவு வந்துவிடும் என்று ஒரு கடையில் ஜோடி விற்றிருக்கிறார்கள். வருமா?

பாளை_மாவுக்கட்டு:
வராது தங்கச்சி. இன்சோல் தாங்கும், வளைவை வளர்க்காது. பையனை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். வளைவு எழுந்து, குதிகால் உள்பக்கம் திரும்பினால் அது இளக்கமான பாதம். வலியும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் பத்து வயதுக்குள் தானாக வளைவு வரும். எழவில்லை, அல்லது கால் வலிக்கிறது என்கிறான் என்றால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தருவாரா என்பது எனக்குத் தெரியாது, கேட்டுப் பாருங்கள்.